மாடல் ரயில் லேஅவுட்டைக் கண்காட்சிக்குக் கொண்டுபோவது: அடிக்கடி வரும் கேள்விகள்

லேஅவுட்டை, அதாவது பலகைகள்மேல் தண்டவாளமும் காட்சியும் அமைத்து மாடல் ரயில் ஓட்டும் அமைப்பை, முதல்முறையாக வீட்டை விட்டு வெளியே எடுத்துப்போக நினைக்கிறவர்களுக்கு ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான் வருகின்றன. அவற்றை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டிருக்கிறேன். கணக்கு வருகிற இடங்களில் எச்ஓ ஸ்கேலையும் (1:87, நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு) ‘என்’ ஸ்கேலையும் (1:160) வைத்துச் சொல்கிறேன், மற்ற ஸ்கேல்காரர்கள் அதற்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

லேஅவுட் இன்னும் முழுசா முடியலையே, இப்பவே கொண்டு வரலாமா?

தாராளமாக வரலாம், ஆனால் எது முடியவில்லை என்பதைப் பொறுத்தது. மரம், புல், கட்டடம் பாதியில் நிற்கிறது என்றால் பிரச்சினையே இல்லை. எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் பலர் வருகிறார்கள், வெறும் அட்டையும் பிளாஸ்டரும் தெரிகிற பகுதியின் முன்னால் நின்று அவர்கள் கேட்கும் கேள்விகள் முடிந்த பகுதியில் வருவதில்லை. தண்டவாளமும் வயரிங்கும் முடியவில்லை என்றால் வேண்டாம். நாள் முழுக்க வண்டி ஓடியாக வேண்டும். நன்றாக ஓடுகிற, பாதி அலங்கரித்த லேஅவுட் மக்களை நிறுத்திவைக்கும், அழகாக இருந்தும் வண்டி நின்று நின்று போகிற லேஅவுட்டை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

என்னுடையது ரொம்பச் சின்னது. ஒரு மேசை அளவுகூட இல்லை. எடுத்துக்குவாங்களா?

எடுத்துக்கொள்வார்கள், பல நேரம் சந்தோஷமாகவே. பெரிய லேஅவுட்டுகளுக்கு நடுவே மூலையில் ஒரு இடம் மிச்சமிருக்கும், அதற்குச் சின்ன லேஅவுட் தேடிக்கொண்டிருப்பார்கள். தனியாகக் கொண்டுவரத் தயக்கமாக இருந்தால், ஆளுக்கொரு துண்டு செய்து வந்து இணைக்கிற மாட்யூல் முறையில் சேர்ந்துகொள்ளலாம். ‘என்’ ஸ்கேலில் டி-டிராக் என்று ஒரு முறை இருக்கிறது. ஏறக்குறைய 31 செ.மீ. நீளப் பெட்டி ஒன்று செய்தால் போதும், காட்டோ நிறுவனத்தின் யூனிடிராக் தண்டவாளத்தோடு மேசைமேல் வைத்து அடுத்தவர் பெட்டியோடு இணைத்துவிடலாம். ஐரோப்பாவில் 1981 முதல் இயங்கும் ஃப்ரெமோ அமைப்பும் இதே யோசனைதான்: பலகையின் முனை எல்லோருக்கும் ஒரே மாதிரி, நடுவில் என்ன செய்வது என்பது அவரவர் விருப்பம்.

வீட்டுச் சுவரோட சேர்த்துக் கட்டின லேஅவுட்டைப் பிரிச்சுக் கொண்டுபோக முடியுமா?

பெரும்பாலும் முடியாது என்றுதான் சொல்வேன். வெட்டிப் பிரிக்கலாம், ஆனால் வெட்டு விழுகிற இடத்தில் பாயிண்டும் (தடம் இரண்டாகப் பிரியும் இடம்) வளைவும் இருந்தால் அந்த இணைப்பு ஒருநாளும் சரியாக வராது. பயணத்துக்கான லேஅவுட்டில் பலகை எங்கே சேர்கிறது என்பதை முதலில் கோடு போட்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் தண்டவாளத்தை வரைய வேண்டும். வீட்டு லேஅவுட்டை அப்படியே விட்டுவிட்டு, அதில் நீங்கள் மிகவும் நேசிக்கும் ஒரு காட்சியை, ஒரு ஸ்டேஷனையோ பாலத்தையோ, சின்னதாகப் புதிதாகச் செய்யுங்கள். வீட்டு லேஅவுட்டும் பிழைக்கும், புதியதும் சீக்கிரம் முடியும்.

அமைப்பாளர்கள்கிட்ட முன்னாடியே என்னென்ன சொல்லணும், என்னென்ன கேட்கணும்?

நீள அகலத்தைச் சொல்லும்போது பலகையின் அளவை மட்டும் சொல்லாதீர்கள். பின்னால் நீங்கள் நிற்க இடம், முன்னால் தடுப்பு, பக்கத்தில் காலிப் பெட்டிகள் வைக்க இடம் எல்லாம் சேர்ந்த அளவே உண்மையான அளவு. பின்பக்கம் ஆள் நடக்க முக்கால் மீட்டராவது வேண்டும். ஓட்டுகிறவர் முன்னால் நிற்பாரா பின்னால் நிற்பாரா, எத்தனை பேர் வருகிறீர்கள், மின்சாரம் எந்தப் பக்கம் வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுங்கள்.

கேட்க வேண்டியவை: சாமான் ஏற்றிவரும் வண்டி எதுவரை வரும், படிக்கட்டு உண்டா, லிஃப்ட் உண்டா, அதன் கதவு அகலம் எவ்வளவு, முதல்நாள் மாலையே அமைக்கலாமா, மண்டபத்தை இரவில் பூட்டுவார்களா. செலவு பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். அழைத்துக் கூப்பிடும் லேஅவுட்டுகளுக்குப் பல கண்காட்சிகளில் வண்டி வாடகையும் தங்கும் செலவும் கொடுப்பது வழக்கம், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. எதுவானாலும் எழுத்தில் வாங்கிக்கொள்வது இருவருக்குமே நல்லது.

பலகை எந்த உயரத்துல இருக்கணும்?

இதில் சண்டையே நடக்கும். தண்டவாளம் தரையிலிருந்து 1 மீட்டர் என்றால் குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் தெரியும், ஆனால் பெரியவர்கள் ஹெலிகாப்டரிலிருந்து பார்ப்பது போல் பார்ப்பார்கள். 1.2, 1.3 மீட்டர் என்றால் நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு நேரே ரயில் போகும், காட்சி நிஜமாகவே மாறிவிடும், ஆனால் குழந்தைக்குப் பலகையின் ஓரம்தான் தெரியும். ‘என்’ ஸ்கேலின் இன்னொரு மாட்யூல் முறையான என்டிராக்கில் 40 அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.02 மீட்டர் என்று வைத்திருக்கிறார்கள். நான் 1.1 மீட்டர் பக்கம்தான் சாய்வேன், கூடவே குழந்தைகள் ஏறி நிற்க உறுதியான, ஆடாத ஒரு படி. உயரம் எதுவானாலும் கால்களின் அடியில் திருகி உயர்த்துகிற பாதம் கட்டாயம் வேண்டும், மண்டபத் தரை எதுவும் சமமாக இருக்காது.

ரெண்டு பலகை சேருற இடத்துல மட்டும் வண்டி தடம் புரளுது. என்ன பண்றது?

அதிகம் வருகிற கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போல்ட் போட்டு இறுக்கினால் பலகைகள் சேர்ந்துவிடும், ஆனால் நேராக வராது. போல்ட் நுழைகிற ஓட்டை எப்போதும் போல்ட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும், அந்தச் சின்னத் தளர்வே எச்ஓவில் தடம் புரள வைக்கப் போதும், ‘என்’ ஸ்கேலில் கேட்கவே வேண்டாம். இறுக்குவது போல்ட்டின் வேலை, நேராக்குவது முளையின் வேலை. ஒரு பலகையில் முளையும் எதிர்ப்பலகையில் அது இறுக்கமாக உட்காரும் குழியுமாக உலோகத்தில் ஜோடியாகக் கிடைக்கும். ஓர் இணைப்புக்கு இரண்டு ஜோடி பொருத்துங்கள்.

அடுத்தது தண்டவாள முனை. பிளாஸ்டிக் ஸ்லீப்பர்மேல் நிற்கிற தண்டவாளம், தூக்கி இறக்கும்போது கை பட்டாலே வளையும். முனையில் இருக்கும் இரண்டு மூன்று ஸ்லீப்பரை எடுத்துவிட்டு, தாமிரப் பூச்சுள்ள சர்க்யூட் போர்டுத் துண்டைப் பலகையில் ஒட்டி ஸ்க்ரூவும் போட்டு, அதன்மேல் தண்டவாளத்தை சால்டர் செய்யுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே அந்தத் தாமிரத்தைக் கீறிப் பிரிக்க மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் ஷார்ட். அப்புறம் முக்கியமானது வரிசை: பலகைகளை முளையும் போல்ட்டும் போட்டு இணைத்த நிலையில், தண்டவாளத்தை ஒரே துண்டாகக் குறுக்கே போட்டு சால்டர் செய்து முடித்த பிறகுதான், மெல்லிய வெட்டுத் தகட்டால் நடுவில் அறுக்க வேண்டும். தனித்தனியாகப் போட்டுவிட்டுப் பிறகு ஒட்டிப் பார்த்தால் பொருந்தாது.

தண்டவாளம் இணைப்பை நேர்க்குறுக்காகக் கடந்தால் நல்லது. சாய்வாகக் கடந்தால் சின்ன நகர்வுகூடப் பக்கவாட்டில் தெரியும். பாயிண்ட் அங்கே வரவே கூடாது.

ஒயர் இணைப்புகளுக்கு எந்த கனெக்டர் நல்லது?

பாயிண்ட் மோட்டார், சிக்னல், விளக்கு மாதிரியான சின்ன வேலைகளுக்கு 25 முனை கொண்ட டி வடிவக் கனெக்டர் போதும், பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். தண்டவாளத்துக்கான மின்சாரத்தை அதில் விடாமல் தடித்த ஒயரும் தடித்த கனெக்டருமாகத் தனியே கொண்டுபோங்கள். வேறு வேறு மின்னழுத்தத்துக்கு வேறு வேறு வடிவக் கனெக்டர் வைப்பது நல்ல பழக்கம். காலையில் அவசரத்தில் மாற்றிச் செருக நினைத்தாலும் செருக முடியாமல் இருக்கும். மின்சாரம் வருகிற பக்கத்தில் எப்போதும் குழி, வாங்குகிற பக்கத்தில் முள். அப்போதுதான் கழற்றிவைத்த ஒயரின் முனையில் மின்சாரம் ஓடும் முள் வெளியே நீட்டிக்கொண்டிருக்காது. ஒவ்வொரு கனெக்டரிலும் எண் எழுதி, அந்த எண்ணின் விவரத்தைப் பலகையின் அடியிலேயே ஒட்டிவையுங்கள். வரைபடம் வீட்டுக் கணினியில் இருந்தால் மண்டபத்தில் உதவாது.

பலகைகளை வண்டியில எப்படி ஏத்துறது? அட்டைப்பெட்டி போதுமா?

ஒரே அளவுள்ள இரண்டு பலகைகளை முகத்தோடு முகம் பார்க்க வைத்து, இரு முனைகளிலும் பிளைவுட் தட்டை போல்ட் போட்டு இணைப்பதுதான் பழகிய, நம்பகமான முறை. இரண்டு காட்சிகளும் உள்ளே பத்திரமாக இருக்கும், வெளியே பலகையின் அடிப்பாகம்தான் தெரியும். இரண்டிலும் உயரமான கட்டடங்கள் எதிரெதிரே வருகிறதா என்று முன்பே பாருங்கள், வந்தால் அந்தக் கட்டடத்தைக் கழற்றி எடுக்கிற மாதிரி செய்துவிடுங்கள். ஒரு பலகை 1.2 மீட்டருக்கு 60 செ.மீ. என்ற அளவைத் தாண்டாமல் இருந்தால் இரண்டு பேர் சிரமமில்லாமல் தூக்கலாம், சாதாரணக் கதவிலும் திரும்பும்.

இன்ஜினும் பெட்டிகளும் ஒருபோதும் தண்டவாளத்தில் நின்றபடி பயணம் செய்யக் கூடாது. நுரை வெட்டிய பெட்டியில் ஒவ்வொன்றும் தனி இடத்தில், முடிந்தால் உங்கள் மடியிலோ இருக்கைக்குக் கீழோ வரட்டும். வெயிலில் பூட்டிய வண்டிக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், பிளாஸ்டிக் உடல் வளைந்துவிடும்.

வீட்டுல அருமையா ஓடுச்சு, மண்டபத்துல வச்சதும் அங்கங்க நிக்குது. ஏன்?

பெரும்பாலும் நான்கு காரணங்களில் ஒன்று. தரை சமமில்லாமல் பலகை முறுக்கிக்கொண்டிருக்கும், ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் குறுக்காகவும் பாருங்கள். இரண்டாவது, ஈரப்பதம். மரம் ஈரத்தை வாங்கி ஊதும், உலர்ந்தால் சுருங்கும். தண்டவாளம் வெப்பத்துக்கு நீளும். நிக்கல் சில்வர் தண்டவாளம் ஒரு மீட்டருக்கு 20 டிகிரி சூடு ஏறினால் ஏறக்குறைய 0.3 மி.மீ. நீளும், அதாவது நான்கு மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டருக்கு மேல். இடைவெளியே விடாமல் போட்டிருந்தால் அது பக்கவாட்டில்தான் புடைக்கும். அதனால்தான் முதல்நாள் மாலையே அமைக்க முடியுமா என்று கேட்கச் சொன்னேன். பலகைகள் ஒரு இரவு அந்த மண்டபக் காற்றில் இருந்தால் காலையில் பாதித் தொல்லை குறையும்.

மூன்றாவது, பயணத்தில் கழன்ற ஒயர். நான்காவது தூசி. மக்கள் நடக்க நடக்க மண்டபத் தூசி தண்டவாளத்தில் படிந்துகொண்டே இருக்கும்.

அப்போ தண்டவாளத்தை எவ்வளவுக்கு ஒருதடவை துடைக்கணும்? எதால?

காலையில் திறப்பதற்கு முன் ஒருமுறை முழுதாக. பிறகு கூட்டம் குறையும் நேரத்தில் தேவைப்படும் இடத்தில் மட்டும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பது போதும், ஆனால் அது சீக்கிரம் தீப்பற்றக்கூடியது, கொஞ்சமாக எடுத்து மூடியை உடனே மூடிவிடுங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டுத் துடையுங்கள். உப்புத்தாளால் தேய்ப்பதை நான் சிபாரிசு செய்வதில்லை. தேய்த்த கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும்.

தண்டவாளத்தைவிடச் சக்கரத்தில்தான் அதிக அழுக்கு இருக்கும், அதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். ஆல்கஹாலில் நனைத்த காகிதத் துண்டைத் தண்டவாளத்தின் குறுக்கே போட்டு, இன்ஜினின் ஒரு முனைச் சக்கரங்கள் காகிதத்தின்மேலும் மறுமுனைச் சக்கரங்கள் வெறும் தண்டவாளத்திலுமாக வைத்து, கையால் பிடித்துக்கொண்டு ஓடவிடுங்கள். காகிதத்தில் விழும் கருப்புக் கோடுகளைப் பார்த்தால் புரியும். பெட்டிகளில் பிளாஸ்டிக் சக்கரம் இருந்தால் உலோகச் சக்கரமாக மாற்றிவிடுங்கள், அழுக்கு சேர்வது கண்கூடாகக் குறையும்.

கண்காட்சிக்கு டிசிசி நல்லதா, பழைய அனலாக் நல்லதா?

அனலாக்கில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தமே வண்டியின் வேகம், டிசிசியில் ஒவ்வொரு இன்ஜினுக்கும் அதன் முகவரிக்குத் தனியாக டிஜிட்டல் கட்டளை போகும். வட்டத்துக்கு ஒரு வண்டி சுற்றுகிற லேஅவுட் என்றால் அனலாக்கே போதும், பழுதானாலும் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்டேஷனில் இன்ஜின் மாற்றுவது, பெட்டி பிரிப்பது, சத்தம் என்றெல்லாம் இருந்தால் டிசிசி. ஆனால் டிசிசியில் ஷார்ட் விழுந்தால் அந்த பூஸ்டரின் (தண்டவாளத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) கீழ் இருக்கும் எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் நிற்கும். அதனால் லேஅவுட்டை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பாதுகாப்புச் சர்க்யூட் வையுங்கள், ஒரு மூலையில் தடம் புரண்டாலும் மறுமூலையில் வண்டி ஓடும்.

அமைத்து முடித்ததும் ஒரு நாணயத்தை எடுத்து லேஅவுட்டின் பல இடங்களில் இரண்டு தண்டவாளத்தின் குறுக்கே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் பூஸ்டரோ அந்தப் பகுதியின் பாதுகாப்புச் சர்க்யூட்டோ உடனே மின்சாரத்தை நிறுத்த வேண்டும். எங்காவது நிற்கவில்லை என்றால் அங்கே ஒயர் மெல்லியதாகவோ இணைப்பு மோசமாகவோ இருக்கிறது. 5 ஆம்பியர் பூஸ்டர் 15 வோல்ட்டில் 75 வாட் தரும். தடம் புரண்ட சக்கரத்தின் வழியே அவ்வளவும் பாய்ந்தால் பிளாஸ்டிக் உருகும்.

கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் வைஃபை என்றால் ஒயரில் செருகுகிற ஒன்றையும் கூடவே எடுத்துவாருங்கள். மண்டபம் முழுக்கக் கைபேசிகள் இருக்கும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல் ஏற்படும்.

எத்தனை பேர் வேணும்? தனியா சமாளிக்க முடியாதா?

சின்ன லேஅவுட் என்றால் ஓட்டுவதைத் தனியாகச் சமாளிக்கலாம், சாப்பாட்டுக்கும் கழிப்பறைக்கும் போகும்போது பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டாமா? குறைந்தது இரண்டு பேர். பின்னால் மறைவு யார்டு, அதாவது காட்சிக்கு வராமல் வண்டிகள் காத்திருக்கும் தடங்கள், இருந்தால் மூன்று பேர்: முன்னால் ஒருவர், யார்டில் ஒருவர், பேசுவதற்கும் ஓய்வுக்கும் ஒருவர். பேசுகிறவரும் ஓட்டுகிறவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டில் ஒன்று கெடும், பெரும்பாலும் வண்டி மோதும்.

எந்த வேகத்துல ஓட்டணும்? மெதுவா ஓட்டினா கூட்டம் போயிடாதா?

போகாது. நிஜத்தில் மணிக்கு 60 கி.மீ. போகும் ரயில், எச்ஓவில் நொடிக்கு ஏறக்குறைய 19 செ.மீ., ஒரு மீட்டரைக் கடக்க ஐந்து நொடிக்கு மேல். ‘என்’ ஸ்கேலில் நொடிக்குப் பத்துச் சொச்சம் செ.மீ.தான். தண்டவாளத்தின் பின்னால் ஒரு மீட்டரைக் குறித்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்து ஓட்டிப் பழகுங்கள், எவ்வளவு வேகமாக ஓட்டிக்கொண்டிருந்தோம் என்று தெரியும். சரக்கு வண்டி மெதுவாகக் கிளம்பி, இணைப்புகள் ஒவ்வொன்றாக இறுகி நகர்வதைப் பார்க்க மக்கள் நிற்பார்கள்.

அவர்களை விரட்டுவது வேகக் குறைவு இல்லை, ஒன்றுமே நகராத நேரம். ஒரு வண்டி உள்ளே போனதும் அடுத்தது கிளம்ப வேண்டும். எது எதற்குப் பின் என்று ஒரு வரிசை எழுதி வைத்துக்கொண்டால் யோசிக்க நிற்க வேண்டியதில்லை. ஷண்டிங் நடக்கும்போது பின்னணியில் இன்னொரு தடத்தில் ஒரு வண்டி சுற்றிக்கொண்டிருந்தால் இன்னும் நல்லது.

குழந்தைங்க கை நீட்டித் தொடுறாங்க. எப்படித் தடுக்கறது?

தடுப்பைப் பலகையின் ஓரத்திலிருந்து அரை மீட்டருக்கு மேல் தள்ளி வைத்தாலே பாதி தீர்ந்தது. முன் ஓரத்தில் உயரம் குறைந்த தெளிவான பிளாஸ்டிக் தகடும் வைக்கலாம். நொறுங்கக்கூடிய, விலை கூடிய சமாச்சாரங்களை ஓரத்தில் வைக்காதீர்கள். ஆனால் எல்லாக் கேள்விக்கும் ‘தொடாதே’ என்று பதில் சொன்னால் அந்தக் குழந்தை இந்தப் பக்கமே திரும்பாது. தொடுவதற்கென்றே ஒரு பழைய பெட்டியைத் தனியாக வையுங்கள், அல்லது ஒரு பட்டனை அழுத்தினால் சிக்னல் மாறுகிற மாதிரி முன்பக்கம் ஒன்று செய்துவிடுங்கள். அந்தப் பட்டன் வயரிங் மற்ற எதோடும் சேராமல் தனியாக இருக்கட்டும், நாள் முழுக்க அழுத்துவார்கள்.

ஒருத்தர் வந்து "இந்த இன்ஜின் இந்த லைன்ல ஓடினதே இல்லையே"ன்னு சொன்னா என்ன சொல்றது?

நன்றி சொல்லி, மேலும் கேளுங்கள். அந்த ரயில்வேயில் வேலை பார்த்தவர்கள்கூட அப்படி வருவார்கள், அவர்களிடம் உள்ள தகவல் எளிதில் வேறெங்கும் கிடைக்காது. நீங்கள் குறிப்பிட்ட இடத்தையும் காலத்தையும் காட்டுவதாக அறிவித்திருந்தால் அவர் சொல்வதைச் சரிபார்க்க வேண்டியது உங்கள் கடமை. கற்பனை ஊர் என்றால் முன்னால் வைக்கும் பெயர்ப்பலகையிலேயே அப்படி எழுதிவிடுங்கள்.

நண்பர் அவரோட இன்ஜினைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்க்கணும்னு கேட்கிறார். விடலாமா?

விடலாம், மூன்று விஷயங்களைப் பார்த்துவிட்டு. சக்கரங்களின் உள் இடைவெளி உங்கள் பாயிண்டுகளுக்குப் பொருந்துகிறதா என்று அளவுகோல் வைத்துப் பாருங்கள். இணைப்புக் கொக்கி ஒத்துவருமா என்று பாருங்கள். டிசிசி என்றால் முகவரியைக் கேளுங்கள். இன்ஜினுக்குள் கட்டளையை வாங்கும் டிகோடர் புதிதாக வரும்போது பொதுவாக 3 என்ற முகவரியோடுதான் வரும். உங்கள் இன்ஜின் ஒன்றும் 3-லேயே இருந்தால் இரண்டும் சேர்ந்து கிளம்பும், ஒன்று எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. முகவரியை மாற்ற வேண்டியிருந்தால் தனியே பிரித்த நிரல் தடத்தில், அதாவது டிகோடர் அமைப்புகளை மாற்றுவதற்கென்றே வைத்த தண்டவாளத் துண்டில், வைத்து மாற்றுங்கள். நிரல் தடத்துக்கான இணைப்பை முழு லேஅவுட்டுக்கும் கொடுத்துவிட்டு மாற்றினால் அதன்மேல் நிற்கும் எல்லா இன்ஜினும் அதே முகவரிக்கு மாறிவிடும்.

கூட்டம் நிக்கும்போது மொத்தமும் நின்னுபோச்சுன்னா எங்கிருந்து தேடறது?

மின்சாரம் வருகிற இடத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு பலகையாக. முதலில் பவர் சப்ளை விளக்கு எரிகிறதா, அப்புறம் முதல் பலகையின் தண்டவாளத்தில் மல்டிமீட்டர், அப்புறம் அடுத்தது. டிசிசியில் ஷார்ட் என்றால் எல்லா வண்டியையும் எடுத்துவிட்டுப் பாருங்கள். ஷார்ட் போய்விட்டால் வண்டியில் பிரச்சினை, போகவில்லை என்றால் பலகை இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினால் எந்தப் பலகை என்று தெரிந்துவிடும். கனெக்டர்களுக்கு எண் எழுதச் சொன்னது இந்த நேரத்துக்குத்தான். ஒருவர் தேடட்டும், இன்னொருவர் முன்னால் வந்து என்ன நடக்கிறது என்று பார்வையாளர்களிடம் சொல்லட்டும். அடியில் குனிந்து டார்ச் அடிப்பதைக்கூட ஆர்வமாகப் பார்ப்பார்கள்.

மின் பாதுகாப்பு, காப்பீடு பத்தியெல்லாம் நாம கவலைப்படணுமா?

ஆமாம். வீட்டு மின்சாரம் மூடிய, தரச் சான்றுள்ள அடாப்டரோடு நின்றுவிட வேண்டும், பலகைக்குள் குறைந்த அழுத்தம் மட்டுமே வரட்டும். நீட்டிப்பு ஒயரைச் சுருட்டிலேயே வைத்து அதிக மின்சாரம் எடுத்தால் சூடேறும், முழுதாக விரித்துவிடுங்கள். மக்கள் நடக்கும் பாதையில் ஒயர் போகக் கூடாது. மின்கசிவு வந்தால் தானே துண்டிக்கும் சாதனத்தின் வழியே இணைப்பது நல்லது. சில நாடுகளில் ஒவ்வொரு மின்கருவிக்கும் சோதனைச் சீட்டு கேட்பார்கள். பார்வையாளருக்கு அடிபட்டால் யார் பொறுப்பு, உங்கள் லேஅவுட்டுக்குச் சேதம் வந்தால் யார் பொறுப்பு என்பவை இரண்டு தனிக் கேள்விகள். கண்காட்சியின் காப்பீடு முதலாவதை மட்டும் ஏற்றுக்கொண்டு இரண்டாவதை ஏற்காமல் இருக்கலாம்.

முடியுற நேரத்துக்கு முன்னாடியே பிரிக்க ஆரம்பிக்கலாமா? ஊருக்குத் திரும்பத் தூரம் அதிகம்.

வேண்டாம். கடைசி அரைமணி நேரத்தில் வருகிறவரும் நுழைவுச்சீட்டு வாங்கித்தான் வந்திருக்கிறார். சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலைகளை மட்டும் செய்யுங்கள்: ஓட்டி முடித்த வண்டிகளை யார்டிலேயே ஒவ்வொன்றாகப் பெட்டியில் வைக்கலாம், ஓடுவது இரண்டு வண்டியாகக் குறைந்தாலும் பரவாயில்லை. மண்டபம் மூடியதும் முதலில் மின்சாரம், அப்புறம் ஒயர், அப்புறம் கழற்றும் கட்டடங்கள், கடைசியில் போல்ட். முளைகள் இறுகியிருந்தால் பலகையை ஆட்டி இழுக்காதீர்கள், இருவர் இரு பக்கமும் பிடித்து நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். ஆட்டினால் குழி அகன்றுவிடும், அடுத்த முறை அந்த இணைப்பில் தடம் புரளும். அவிழ்த்த போல்ட்டுகளை அந்தந்தப் பலகையின் எண் போட்ட பையிலேயே போடுங்கள். எது சரியாக ஓடவில்லை என்ற பட்டியலை வீடு போய்ச் சேருவதற்குள் எழுதிவிடுங்கள், இரண்டு வாரம் கழித்துப் பெட்டியைத் திறக்கும்போது எந்த பாயிண்ட் தகராறு செய்தது என்று யாருக்கும் நினைவிருக்காது.